கடலோரமா, கழனியோரமா?

மீஞ்சூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே ஒன்றரை ஏக்கர் கழனி வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு வயது 62. அவருடைய ஒரே மகன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி, பள்ளிக்குப் போகும் மகளோடு திருவொற்றியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார். போன மாசியில் அந்த வீடே விலைக்கு வந்தது. கழனியை விற்றால் பாதிப் பணம் தேறும். மீதிக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டும்.

“நைனா, உப்புத் தண்ணிய வச்சிக்கினு இனிமே இன்னா பயிர் வைக்கப்போற? வித்துட்டு எங்கூட வந்துடு. ஆஸ்பத்திரி கிட்ட, ஸ்கூலு கிட்ட, மெட்ரோ ரயிலும் கிட்ட” என்றார் மகன்.

“கடலாண்ட போயி எவனாவது காசைக் கொட்டுவானாடா? நீ இங்க வந்து வூடு கட்டு. இங்க கடல் எங்கியோ கெடக்குது” என்றார் அப்பா.

மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அவசரம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்விடலாம். வேலைக்குப் போய்வரும் செலவும் குறைவு.

அப்பாவின் பயத்திலும் நியாயம் இருந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல இது மணலின் ஓட்டம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியபோது, அந்த வாய்க்காலின் குறுக்கே அணை போட்டது போல ஆயிற்று. தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தண்ணீர் வராத கடைமடை ஆயின. மணல் வராத கரையைக் கடல் அரித்தது. வீடுகளும் சாலையும் போன பிறகு கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள்.

கடல் மட்டுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருமகள் அந்த இரவைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஒரு மாதம் பேச்சு நடந்தது. தரகர் இரண்டு முறை வந்து போனார். மூன்றாம் முறை முன்பணத்தோடு வருவதாகச் சொன்னபோது, அதுவரை வாய் திறக்காத அம்மா மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் கழனி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் மகன் வீட்டுத் தெருக்கோடி அடிபம்புத் தண்ணீர். மூன்றாவதில், போர் போட்ட பிறகு யாரும் எட்டிப் பார்க்காத கழனி மூலைக் கிணற்றுத் தண்ணீர். “இத மொதல்ல பாத்துனு வாங்க. அப்புறம் விக்கலாம், வாங்கலாம்” என்றார்.

மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவைப் பார்த்தார்கள். ஆழ்துளைக் கிணற்றில் இ.சி. 4.6. அடிபம்பில் 1.4. பழைய கிணற்றில் 1.6. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தண்ணீரைவிட, கடல் எங்கியோ கெடக்குது என்று அவர் நம்பியிருந்த கழனித் தண்ணீர் மூன்று மடங்கு உப்பு. அப்பா அந்தச் சீட்டை மடித்து மேல்துண்டில் முடிந்துகொண்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது அவர் கழனிக்கு மட்டும் வந்த கேடு அல்ல. மீஞ்சூர் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960-களின் கடைசியிலேயே தெரிந்த செய்தி. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால், நாளடைவில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் ஊட்டிய இந்தப் பூமியிலிருந்து விவசாயத்துக்கும் இறைத்தார்கள், சென்னையின் குடிநீருக்கும் இறைத்தார்கள். கடல் தரை மேல் நகராமலே தரைக்குக் கீழே உள்ளே வந்துவிட்டது.

அடிபம்பின் சங்கதியும் இதுதான். கடற்கரை மணல் மழையை அப்படியே குடித்து மேலாக வைத்துக்கொள்ளும். கொஞ்சமாக அடித்தால் உப்பு குறைவாகவே வரும். உப்பு குறைவு என்பதற்காக அது குடிக்க உகந்தது என்று அர்த்தமில்லை. ஆலைகள் சூழ்ந்த இடத்தில் எண்ணெயும் உலோகமும் கலந்திருந்தால் இ.சி. அளவில் தெரியாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

பழைய கிணற்றின் 1.6 அப்பாவுக்கு ஒரு வழியைக் காட்டியது. மேல்மட்டத்து மழைநீர் இன்னும் கழனியில் இருக்கிறது. ஆழத்தில் உறிஞ்சாமல் இருந்தால் அது நிற்கும். அவர் போர் மோட்டாரைக் கழற்றிவிட்டார். அதோடு கோடைப் பயிரும் போயிற்று. அந்த வருமானம் இனி இல்லை. மழைநீருக்கு ஒரு பண்ணைக்குட்டை எடுத்தார். அதையும் ஆழமாக வெட்டவில்லை. ஆழம் போனால் அடியிலிருந்து உப்பு ஊறும். ஆடி மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, சம்பாவில் உவர் தாங்கும் கோ 43 ரகம் ஒரே போகம். பழைய கிணற்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் மட்டும் இறைப்பு.

மகனும் இறங்கி வந்தார். வீட்டை வாங்கவில்லை. மருமகளின் யோசனைப்படி பொன்னேரியில் வாடகைக்குக் குடிபோனார்கள். அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது, பள்ளி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயில் ஏறினால் நேராகத் திருவொற்றியூர். அப்பாவின் ஊரும் தொலைவில்லை. இதில் நஷ்டமும் உண்டு. மகனுக்கு ஓவர்டைம் குறைந்துவிட்டது. இரவு ஷிப்ட் வாரத்தில் நண்பர் அறையில் தங்குகிறார். பேத்தி பழைய பள்ளித் தோழிகளை நினைத்து இன்னும் முகம் சுளிக்கிறாள்.

கழனியை விற்றுக் கடலோரத்தில் வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் ரோட்டுக் கிலோமீட்டரை மட்டும் பார்க்க வேண்டாம். வாங்கப்போகும் இடம், விற்கப்போகும் இடம் இரண்டின் தண்ணீரையும் சித்திரையில் ஒரு முறை, மழை முடிந்து தையில் ஒரு முறை பரிசோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டாலும் 2,000-ஐத் தாண்டக் கூடாது. 2015-லும் 2023-லும் வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரைக் காட்டிக் கேளுங்கள். கரை முன்பு எங்கே இருந்தது என்று குப்பத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மனை எப்படி வருகிறது என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மா மூன்று பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். தை பிறந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும் என்கிறார். இந்த முறை நான்காவதாக ஒரு பாட்டில் சேர்ந்திருக்கிறது. அது பொன்னேரி வீட்டுத் தண்ணீருக்கு.