சாளைக் கறியும் கிழங்கும்



கடந்த வெள்ளிக்கிழமை உங்களில் சிலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. அன்று நான் எங்கே இருந்தேன் என்பதை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தகப்பனார் கடந்த ஏப்ரல் மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை அறிவீர்கள். அதன்பின் என் தாயார் எங்களோடு இருக்கிறார்கள். காலையில் பாதித் தோசை, இரவில் நாலு கரண்டிக் கஞ்சி, அதற்குமேல் "போதும்" என்ற ஒரு சொல். இடியாப்பம், ஆப்பம், சம்பா அரிசிக் கஞ்சி என்று என் மனைவி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். நானோ ஒவ்வோர் இரவும் அம்மாவின் தலைமேல் கை வைத்து ஜெபித்தேன். என்ன சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவிக்குப் பள்ளியில் விடுப்பு இல்லாததால் அம்மாவை நானே அழைத்துச் சென்றேன். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் வைத்திருந்தேன். அலுவலகத்துப் பலகையில் அமர்ந்து அம்மா தம் கையாலேயே படிவத்தை நிரப்பினார்கள். கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி முடித்ததும், அதற்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்க்கும்படி பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பேனா நின்றுவிட்டது.

"அவிய பேர நான் எழுதினதே இல்ல மக்களே. பிள்ளைங்க பள்ளிக்கூடக் காயிதமெல்லாம் அவியதான் எழுதுவாவ. முதல்ல எழுதும்போது இப்படியா எழுதணும்?"

பிரியமானவர்களே, விதவைகளை ஆறுதல்படுத்த எத்தனையோ வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். அந்தப் பலகையில் எனக்கு ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. பேனாவை வாங்கி அந்தச் சொல்லை நான் எழுதினேன். கீழே அம்மா கையெழுத்திட்டார்கள்.

பிறகு மருந்துக்கடை, மின்கட்டணம், மிக்சியின் உடைந்த மூடி. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியில் திரும்பும்போது அம்மா கேட்டார்கள்: "சந்தையில சாளை வந்திருக்குமா?"

மூன்று மாதத்தில் அவர்கள் வாய்விட்டுக் கேட்ட முதல் உணவு அது. வண்டியை வடசேரிக்குத் திருப்பினேன்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளக்காரர்கள் பிடித்து வருவதுதான் இந்த நாட்களில் சந்தைக்கு வருகிறது. இது எனக்கே அன்றுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் மீன் வாங்கியவர் அப்பா. செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவார். நான் கூடையின் முன் விருந்தாளியைப் போல நின்றேன். மீன் விற்கும் அம்மா என் தாயாரை அடையாளம் கண்டுகொண்டு, "சார் எங்க, கொஞ்ச நாளா காணலியே?" என்றார்.

"சார் போயிட்டாவ."

தகுந்த வார்த்தையை நான் தேடிக்கொண்டிருக்கையில், அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசவில்லை. பிறகு அவர் ஒரு கிலோ நிறுத்து, மேலும் இரண்டு கை மீன் அள்ளிப் போட்டு, தலையும் குடலும் நீக்கித் தாமே சுத்தம் செய்து தந்தார். ஒரு கிலோவுக்கு மட்டுமே காசு வாங்கினார்.

மாலையில் அம்மா அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மகள் தேங்காய் துருவினாள். மிளகாய், மல்லி, மஞ்சள், உள்ளி சேர்த்து நான் அரைத்தேன். "இது அரைப்பா? இன்னும் பட்டு மாதிரி வரணும்." மீண்டும் அரைத்தேன். புளி கரைத்து, சட்டியில் கொதித்தபின் மாங்காயும் மீனும் போட்டேன். நான் கரண்டியை எடுத்ததும் அம்மா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்கள். சாளைக் கறியில் கரண்டி போடக் கூடாதாம், மீன் உடைந்துவிடுமாம்; சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்ற வேண்டுமாம். திட்டு வாங்கியது எனக்கு எவ்வளவு இனிப்பாயிருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

மரச்சீனிக் கிழங்கை அவித்து முதல் தண்ணீரை வடிக்கும்போது அவர்களுக்குத் தம் தாயார் நினைவு வந்தது. நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பயிரிடச் செய்த இந்தக் கிழங்குதான் அப்போது வீடுகளைக் காப்பாற்றியது. பாட்டி அதைக் கொண்டே பிள்ளைகளை வளர்த்தார்களாம். கேட்டிராத இந்தக் கதையை என் மகள் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கறி வற்றிக்கொண்டிருந்த நேரத்தில் யோவான் 21-ஆம் அதிகாரம் என் மனதில் வந்தது. எத்தனையோ முறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் பேதுருவிடம் கேட்கப்பட்ட அந்த மூன்று கேள்விகளுக்கே விரைந்து ஓடியிருக்கிறேன். கரையிலிருந்த கரிநெருப்பையும், அதன்மேல் இருந்த மீனையும், அப்பத்தையும் அரை வாக்கியத்தில் கடந்திருக்கிறேன். ஆனால் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காதிருந்தவர்களை உயிர்த்த ஆண்டவர் முதலில் சாப்பிடத்தான் அழைத்தார். கேள்விகள் அவர்கள் உண்டு முடித்த பிறகே வருகின்றன.

உங்கள் துக்க வீடுகளுக்கு நான் வந்ததை நினைத்துக்கொண்டேன். வேதம் வாசித்து, ஜெபித்து, தேநீர் வரும் முன்னே அடுத்த கூட்டத்துக்கென்று எழுந்திருக்கிறேன். உங்களில் எவர் வீட்டிலாவது அப்படி எழுந்திருந்தால் என்னை மன்னியுங்கள். நான் வீட்டில் என் சொந்தத் தாய்க்கும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். மசித்த கிழங்கைக் குழித்து அம்மா கறியை ஊற்றிக்கொண்டார்கள். முள்ளை எடுத்து எடுத்து, மெதுவாக, நான்கு மீன். ஒருவரும் எண்ணுவதுபோல் காட்டிக்கொள்ளவில்லை, எல்லாரும் எண்ணினோம். "புளி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றார்கள். பிறகு மகளிடம், "தாத்தாவா இருந்தா மாங்காய் புளிப்பப் பாத்துட்டுத்தான் புளி கரைப்பாவ," என்றார்கள். அப்பாவைப் பற்றி அழாமல் அவர்கள் பேசியது அன்றுதான்.

வரும் வெள்ளிக்கிழமையும் மாலை நான்கு மணிக்குமேல் நான் தொலைபேசியை எடுக்க மாட்டேன். அவசரமானால் வீட்டுக்கே வந்துவிடுங்கள்; கிழங்கு நிறைய அவிப்போம். இந்த முறை அம்மாவுக்கு அயிலை வேண்டுமாம்.