கொலோன் நகரத்துத் தெருவிழா

விழாவெடுத்தல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. காவிரிப்பூம்பட்டினத்திலே இந்திரவிழா 28 நாள் நிகழ்ந்ததென மணிமேகலை கூறும். அவ்விழாவை நகரத்தார்க்கு அறிவிக்கும் முரசறைவோன், வீதிகளை அணி செய்க என்பதோடு அமையாது, பகைவரைக் காணினும் பூசலிடாது விலகிச் செல்க என்றும் கூறுகின்றான். தெருவிலே விழா நிகழ வேண்டுமாயின் முதலில் தெருவிலே அச்சம் நீங்க வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவமும், வல்வெட்டித்துறையின் சித்திரைப் பௌர்ணமி இந்திரவிழாவும் கண்டு வளர்ந்த நமக்கும் இது விளங்காததன்று. ஆயினும் இவ்வுண்மையை யான் முற்றாக உணர்ந்தது ஜேர்மனி தேசத்திலே, றைன் நதிக்கரையிலுள்ள கொலோன் மாநகரிலாகும்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி, திங்கட்கிழமை. நம் கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பிற் கற்று, எண்பதுகளின் நடுப்பகுதியில் நாடு நீங்கிய நண்பர் இருவர் என்னை அங்கு அழைத்துச் சென்றனர். ஒருவர் கொலோனிலேயே வாழ்பவர்; மற்றவர் காமாட்சி அம்பாள் கோயில் கொண்டருளும் ஹம் நகரிலிருந்து தம் பேர்த்தியுடன் புகைவண்டியில் வந்திருந்தார். பழைய நகர வாயில்களுள் ஒன்றான செவெரின் வாயிலின் அருகே, குளிருக்குக் கம்பளி போர்த்து நின்றோம்.

கார்னிவல் எனப்படும் இவ்விழாவின் தோற்றத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். கத்தோலிக்கர் உயிர்த்த ஞாயிற்றுக்கு முன் 40 நாள் நோன்பு காப்பர். அந்நோன்பு தொடங்கும் நாளை நம் நாட்டுக் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்பர். ஊண் சுருக்கி ஒடுங்குமுன் உண்டும் ஆடியும் மகிழும் நாட்களே கார்னிவல். கொலோனிலே இது பதினோராம் மாதம் பதினோராம் நாள் முற்பகல் 11 மணி 11 நிமிடத்திலே தொடங்கி வைக்கப்படுகின்றது. தெருவிழாவோ விபூதிப் புதனுக்கு முந்திய வியாழனன்று ஆரம்பமாகும். அவ்வியாழன் பெண்களுக்குரியது. அன்று அவர்கள் ஆடவரின் கழுத்துப்பட்டிகளைக் கத்தரித்து விடுவர், எவரும் கோபிப்பதில்லை. திங்களன்று நிகழும் பேரூர்வலம் இன்றுள்ள ஒழுங்கில் 1823ஆம் ஆண்டு தொடங்கியதாகும்.

வாத்தியக் குழுக்கள் முழங்க, அலங்கார வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வண்டிமேலிருந்தோர் இனிப்புகளையும் பூங்கொத்துகளையும் வாரி இறைத்தனர். “கமெல்லே! கமெல்லே!” என்று சனங்கள் கூவினர்; இனிப்புக்கு அந்நகரத்தார் வழங்கும் சொல் அது. ஓர் ஊர்வலத்தில் ஏறக்குறைய 300 தொன் இனிப்புகள் இறைக்கப்படுமாம். கோமாளி வேடமிட்டிருந்த பேர்த்தி குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தாள். சொக்கிலேற்றுகளும் ரொபிகளும் அதனுள் வந்து வீழ்ந்தன. அருகில் நின்ற முதிய ஜேர்மானிய மாது தமக்குக் கிடைத்த பூவையும் அப்பிள்ளையின் கையிலே கொடுத்தார்.

அவ்வேளையிலே தெருமுனையில் பேரிகைகள் அதிர்ந்தன. செந்நிறச் சீருடையணிந்தோர், தோளிலே துவக்கு ஏந்தி, அணிவகுத்துத் திரும்பினர். ஹம் நகரத்து நண்பர் பேர்த்தியின் தோளைப் பற்றிச் சுவரோரம் ஒதுங்கினார். அவர் எண்ணி ஒதுங்கவில்லை. கால்கள் தாமே ஒதுங்கின. மற்றவர் அதைக் கண்டு, “மச்சான், அது மரத் துவக்கு. வாயிலை பூச் செருகியிருக்குது, பார்” என்றார். நண்பர் பார்த்தார், சிரித்தார். ஆயினும் அச்சிரிப்பு வருதற்குச் சிறிது நேரம் சென்றது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கால்கள் நம்மூர்த் தெருக்களை மறக்கவில்லை.

அச்சீருடைக்கும் ஒரு வரலாறு உண்டு. கொலோன் நகருக்கெனச் சிறு காவற்படை ஒன்று முன்னாளில் இருந்தது. 1794இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைக்கொண்டது; 1815இல் நகரம் பிரஷ்ய மன்னர் வசமாயிற்று. அந்நியப் படைகளைத் தம் தெருக்களிற் கண்டு வாழ்ந்த அந்நகரத்தார், 1823இல், மறைந்துபோன தம் பழைய படைவீரரைப் போல வேடமிட்டு, போர்த்தொழிலையே வேடிக்கையாக்கினர். செம்பொறியார் எனப் பொருள்படும் பெயருடைய அக்கழகத்தினரே எம்முன் வந்தவர். இருவர் இருவராய்ப் பின்புறம் பொருந்த நின்று குந்தியாடுவது அவர்களுடைய அணிநடை! சீருடையைக் கண்டு நகைக்கக் கூடிய தெருவே அச்சம் நீங்கிய தெரு என்று யான் எண்ணினேன்.

எனினும் நகைப்பெல்லாம் நன்னகைப்பு அன்று. ஆட்சியிலுள்ளோரின் உருவங்களைப் பெரிதாகச் செய்து வண்டியில் ஏற்றி எள்ளுதல் இவ்விழாவின் மரபு. சூரன்போரிலே சூரனின் தலைகள் மாறி மாறி வீழக் கண்டு நாம் ஆரவாரிப்பது போன்றதே அது. ஆனால் 1934ஆம் ஆண்டிலே, இதே ஊர்வலத்தில், நாட்டைவிட்டு வெளியேறும் யூதரை எள்ளும் வண்டியொன்றும் சென்றது. வலியோனைப் பார்த்துச் சிரித்த தெரு அன்று துரத்தப்பட்டவனைப் பார்த்துச் சிரித்தது. பின் விளைந்ததை உலகம் அறியும். 1942 மே மாத இறுதியில் ஓரிரவிலே ஏறக்குறைய ஆயிரம் குண்டுவீச்சு விமானங்கள் கொலோனைத் தாக்கின. போர் முடிந்தபோது பழைய நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. அவ்விடிபாடுகளிடையே 1949இல் ஊர்வலம் மீண்டும் புறப்பட்டது.

இவ்வரலாற்றை அன்று மாலை தேநீர் அருந்தியவாறு பேசிக்கொண்டிருந்தோம். ஹம் நகரத்து நண்பர், “நாங்கள் வந்து இறங்கினபோது எங்கடை கையிலும் ஒரு பைதான் இருந்தது. அண்டைக்கு ஒருதரும் சிரிக்கேல்லை” என்றார். அதன்மேல் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

அந்நகரத்தார் தம் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டனர் என்றே கூறல் வேண்டும். 1991இல் வளைகுடாப் போரின்போது ஊர்வலத்தை நிறுத்தினர். 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த சில நாட்களில் அத்திங்கட்கிழமை வந்தபோது, அமைதி வேண்டிப் பெருந்திரளாக வீதியில் நடந்தனர்.

நம்மவரும் அந்நாட்டின் தெருவுக்குத் தம் பங்கை நல்கியுள்ளனர். ஹம் நகரிலே 1993ஆம் ஆண்டு முதல் அம்பாள் வீதியுலா வருகின்றாள். 2002இல் இராசகோபுரத்துடன் கூடிய புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. தேர்த்திருவிழாவிலே காவடியும் கற்பூரச் சட்டியும் செல்ல, ஆயிரக்கணக்கானோர் கூடுவர். ஜேர்மானியரும் வந்து கண்டு மகிழ்வர். தீர்த்தமாடுதல் அங்குள்ள கப்பற்கால்வாயிலே நிகழும். குடையிலே ரொபி பிடித்த அச்சிறுமி, கோடையில் அவ்வீதியிலே கற்பூரத் தட்டு ஏந்துவாள். அவளுக்கு இரண்டும் தன் தெருக்களே.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவருள் பலர் நாளை பிறநாடு செல்லக்கூடும். பலர் இங்கேயே வாழக்கூடும். எங்கு வாழினும் தெருவின் சிரிப்பொலி கேட்கும்போது, அது எவரை நோக்கிய சிரிப்பு என்று ஒருகணம் செவிசாய்த்துக் கேட்பாராக. அந்நியனாக நிற்பவனின் கையிலும் ஒரு பூவைக் கொடுக்கும் தெருக்கள் நம் குடாநாட்டிலும் என்றும் நிலைப்பதாக.