நான்கு கால்களில் நின்ற வீடு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தையும் அரிசோனா மாநிலத்தையும் பிரித்தோடுவது கொலறாடோ ஆறு. அவ்வாற்றைக் கடந்து கிழக்கே சுமார் 20 மைல் சென்றால், பாலை நிலத்தின் நடுவே குவாட்சைற் என்னும் சிற்றூரைக் காணலாம். கோடையின் கொடுமையைத் தாங்கி அங்கு வாழ்பவர் சில ஆயிரம் பேரே. மாரி பிறந்ததும் ஊரின் கோலம் மாறிவிடுகின்றது. வட மாநிலங்களின் பனிக்கு அஞ்சியோரும், வீடு வாசலைத் துறந்து தெருவையே இருப்பிடமாக்கிக் கொண்டோரும் தத்தம் வண்டிகளுடன் வந்து குவிகின்றனர். கள்ளிகளுக்கும் முட்செடிகளுக்கும் இடையே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெள்ளையாய் வண்டி வீடுகள்! ஒரு தை மாதத்தில் நானும் அங்குச் சென்றிருந்தேன்.

அத்தனை வீடுகளுள்ளும் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. சில்லும் இல்லை; கீழே வண்டியும் இல்லை. மெல்லிய நான்கு இரும்புக் கால்களின் மீது, வயற் காவற்குடிலைப் போல, அது தனியே நின்றது. அதன் நிழலில் நாய் ஒன்று படுத்துறங்கியது. நான் நின்று பார்ப்பதைக் கண்ட வீட்டு அம்மையார் ஏணி வழியே இறங்கி வந்தார்.

"லொறிக்குச் சுகமில்லை. என் கணவர் அதனைப் பிளைத் நகரத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். வீடு நலமாகவே இருக்கிறது!" என்று கூறிச் சிரித்தார்.

பின்புறம் திறந்த பிக்கப் லொறியின் மேல் ஏற்றிச் செல்லும் சிறு வீடு அது. நான்கு மூலைகளிலும் உள்ள தூக்கிகளை நிலத்தில் ஊன்றி வீட்டை உயர்த்தினால், லொறியைக் கீழிருந்து ஓட்டிச் சென்றுவிடலாம். எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960 இல் இத்தகைய லொறி வீடொன்றில் தம் நாயுடன் நாட்டைச் சுற்றி வந்து, 1962 இல் அதனை நூலாக்கினார். அவருடைய லொறி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரத்து நினைவு நிலையத்தில் இருக்கின்றது. ஆயினும் அவர் சில மாதங்களில் வீடு திரும்பினார். இத்தம்பதியருக்குத் திரும்புவதற்கு வேறு வீடு இல்லை. இருந்த வீட்டை விற்றுவிட்டே புறப்பட்டிருந்தனர்.

"வண்டியும் வீடும் ஒன்றாயிருந்தால், வண்டி பழுதடைந்த அன்று நாம் வீதியில் நிற்க வேண்டும். அதனால்தான் பிரிக்கக்கூடிய இந்த வீட்டைத் தேர்ந்தோம்" என்றார் அம்மையார். அவர் வார்த்தைக்கு அவர் வீடே சான்றாய் நின்றது.

கறுப்புக் கோப்பி ஒரு கோப்பை தந்து, பழைய கொப்பி ஒன்றையும் என் முன் வைத்தார். அது அவ்வீட்டின் நிறைக் கணக்கு. லொறி எவ்வளவு சுமக்கலாம் என்பது சாரதியின் கதவருகே ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும். அவர்களுடைய லொறிக்கு அது 4,200 இறாத்தல். வெறும் வீடு 2,600 இறாத்தல். நீர் 40 கலன். அது 334 இறாத்தல். இருவருடைய உடல் நிறை 320. நிரம்பிய காஸ் சிலிண்டர்கள் இரண்டு, பற்றரிகள், சூரியத் தகடுகள், குளிர்ப்பெட்டி, தூக்கிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 350. எஞ்சியது 600 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. உடை, உணவு, பாத்திரம், படுக்கை, கருவிகள், புத்தகங்கள் யாவும் அதனுள் அடங்க வேண்டும். நாற்பதாண்டுக் குடும்ப வாழ்வுக்கு அறுநூறு இறாத்தல்!

குளியலறைத் தராசு ஒன்றை வைத்து ஒவ்வொரு பொருளையும் நிறுத்தார்களாம். அம்மையாரின் தாயார் விட்டுச் சென்ற இரும்புச் சிங்கர் தையல் இயந்திரம் 30 இறாத்தல் காட்டியது. நம் நாட்டு வீடுகளிலும் பலர் பேணி வைத்திருப்பது போன்ற அதே இயந்திரந்தான். அதனை மகளிடம் விட்டுச் செல்ல அவர் மனத்தைத் திடப்படுத்திக் கொண்டார். தச்சுத் தொழில் செய்த கணவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலையில் அவருடைய கருவிப் பெட்டி பாதியாகக் குறைந்திருந்தது. தையல் இயந்திரம் மேசையடியில் ஏறியிருந்தது.

நிறையின் அளவைப் போலவே அதன் இடமும் முக்கியமானது. வீட்டின் பாரம் லொறியின் பின் அச்சுக்குச் சற்று முன்னே விழ வேண்டும். பின்னே விழுந்தால் முன் சில்லுகள் இலேசாகி, திருப்பும் பிடி தளர்ந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஏற்றியபின், லொறிகளை நிறுக்கும் பொதுத் தராசில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தனர். பாரமான பொருள்கள் தாழவும் முன்புறமாகவும் வைக்கப்பட்டன. வீடு வழுக்காதிருக்க அடியில் றப்பர் விரிப்பு இட்டு, நான்கு மூலைகளையும் முறுக்காணிகளால் லொறியோடு பிணைத்தனர்.

நீரை அவர்கள் செலவிடும் முறையைக் கண்டு நான் நாணினேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கலன் வீதம், நாற்பது கலனும் பத்து நாட்களுக்குப் போதுமாம். கூரையிலுள்ள தகடுகள் பகலில் பற்றரிகளை நிரப்ப, விளக்கும் குளிர்ப்பெட்டியும் இரவிலும் இயங்குகின்றன. பாலையில் இரவுக் குளிர் கடுமையானது. ஆயினும் எல்லாத் துவாரங்களையும் மூடிக்கொண்டு உறங்கலாகாது. மூச்சின் ஈரம் சுவரில் வியர்த்துப் பலகையை உக்கச் செய்யும். அடுப்பின் நச்சுப் புகையோ உயிரையே குடிக்கும். ஆதலால் கூரைத் துவாரம் சிறிதளவு எப்போதும் திறந்திருக்கும். நச்சுப் புகையை அறிவிக்கும் கருவியும் படுக்கையருகே இருக்கின்றது.

சட்டத்துக்கும் கணக்குண்டு. அப்பகுதி அரச நிலங்களிற் பெரும்பாலானவற்றில், 28 நாட்களுள் 14 நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். பின் இடம் மாற வேண்டும். ஊருக்குத் தெற்கேயுள்ள லா போசா என்னும் நிலத்திற் கட்டணம் செலுத்தினால், புரட்டாதி நடுப்பகுதி முதல் சித்திரை நடுப்பகுதி வரை தங்க அனுமதி உண்டு. கடிதங்கள் வர முகவரி வேண்டுமல்லவா? வண்டி வாசிகளின் கடிதங்களைப் பெற்று அனுப்பி வைக்கும் நிலையங்கள் இருக்கின்றன.

"இது நிலையான வாழ்வா?" என்று வினவினேன்.

அம்மையார் ஏணியைச் சுட்டிக் காட்டினார். "இதில் ஏற முடியாத நாள் ஒன்று வரும். வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியை அந்த நாளுக்காகத் தொடாமல் வைத்திருக்கிறோம். இங்கே எல்லோருக்கும் அந்த வசதி இல்லை" என்றார்.

உண்மைதான். 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, முதுமையில் வண்டிகளிற் குடியேறிக் கூலி வேலை தேடி அலைவோரைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017 இல் நூல் எழுதினார். விரும்பிப் புறப்பட்டவரும் வேறு வழியின்றிப் புறப்பட்டவரும் இப்பாலையில் அருகருகே வாழ்கின்றனர். வெளித்தோற்றத்தைக் கொண்டு இன்னார் எவரென்று சொல்லிவிட முடியாது.

மாலையில் லொறி திரும்பியது. கணவர் அதனைப் பின்னோக்கி அங்குலம் அங்குலமாய் நகர்த்த, அம்மையார் பின்னே நின்று கையசைத்தார். இடப்புறம், வலப்புறம், நில்! இரு பக்கமும் நாலு விரற்கடை இடைவெளிதான். ஒரு கால் சரிந்தாலும் வீடு நிலத்தில் விழும். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. லொறி முழுவதும் உட்புகுந்தபின் வீடு மெல்ல இறங்கி அதன் முதுகில் அமர்ந்தது. அப்பொழுதுதான் அம்மையார் பெருமூச்செறிந்தார்.

மறுநாள் புறப்படுமுன் அவ்வூர் மயானத்துக்குச் சென்றேன். உச்சியில் உலோக ஒட்டகம் நிற்கும் கற்கூம்பு ஒன்று அங்குள்ளது. 1856 இல் அமெரிக்க இராணுவம் தருவித்த ஒட்டகங்களுடன் வந்து, 1902 இல் இறந்த ஹாஜி அலி என்பாரின் சமாதி அது. ஊரார் அவரை ஹை ஜொலி என்றழைத்தனர். ஒட்டகத்தின் முதுகிற் பாரம் ஏற்றுபவன், அது எவ்வளவு தாங்கும், எப்புறம் சாயும் என்று அறிந்தே ஏற்ற வேண்டும். அவர் அறிந்திருந்த அக்கணக்கைத்தான் அம்மையாரின் கொப்பியிலும் கண்டேன்.

ஊர் திரும்பி என் அறையைத் திறந்தபோது, முதன்முறையாக அங்குள்ள பொருள்களை நிறுத்துப் பார்க்கத் தோன்றியது. அறுநூறு இறாத்தலுள் எதனை எடுப்பேன்? விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், கருவிப் பெட்டியைக் குறைத்துத் தையல் இயந்திரத்தை ஏற்றிய அம்மனிதருக்கு அது தெரிந்திருந்தது.