ஒலி போய்ச் சேரும் தூரம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் என்பதால் அந்த ஊர் திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் பெருமாளைக் காணச் செல்வோர் ஒருபுறமிருக்க, எங்களைப் போன்ற சிலர் சுவரைக் காணச் செல்கிறோம். வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1068இல், வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு அது. வேதம் கற்பிக்கும் கல்லூரி, மாணவர் விடுதி, இவற்றோடு ‘வீரசோழன்’ என்று பெயரிட்ட ஓர் ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கான செலவுக் கணக்கை அதில் காணலாம். படுக்கைகள் 15. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர், இரவில் எரிய ஒரு விளக்கு, இருபதளவில் மருந்துகள் என்று எதையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கென்று தனியே ஊதியம் குறிக்கப்படவில்லை. அது உறவினர் பாடு, ஊரார் பாடு. கட்டிலோடு தூக்கி வந்திருப்பார்கள்; எதிரே வருபவர் பார்த்தவுடன் ஒதுங்கியிருப்பார். நடக்கிற வேகத்தில் வரும் துயரத்துக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை.

ஆற்றின் மறுகரையில், பழையசீவரம் வழியாகக் காஞ்சிபுரம் செங்கல்பட்டுச் சாலை செல்கிறது. எங்களில் ஒருவர், மூன்றாண்டுகளுக்கு முன், மாரடைப்பு வந்த தம் தந்தையாருடன் ஆம்புலன்ஸில் அந்தச் சாலையில் செங்கல்பட்டுக்குச் சென்றார். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று. பின்னால் இவர்கள் வருவது தெரியாமலே அது நெடுந்தூரம் நடுச்சாலையில் சென்றது. “உள்ளே உட்கார்ந்திருந்தால் உலகமே இந்தச் சத்தத்தைக் கேட்கிறது என்று தோன்றும். ஐம்பது அடி முன்னால் போகிறவனுக்குக் கேட்கவில்லை என்பதை மனம் ஏற்கவே இல்லை” என்றார் அவர். தந்தையார் பிழைத்துக்கொண்டார். இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அந்தச் சில நிமிடங்களால்தானா என்று நண்பர் இன்றுவரை எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை.

சைரனைக் குறை சொல்லிப் பயனில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபல் குறைந்துவிடுகிறது. கண்ணாடி ஏற்றிய குளிர்சாதனக் கார், உள்ளே பாட்டு, பாரவண்டியின் இயந்திர இரைச்சல், தலைக்கவசம் இவற்றைத் தாண்டி எஞ்சுவது மிகக் கொஞ்சம். கேட்டாலும் எந்தத் திசை என்பது அடுத்த சிக்கல். ஒலி முன்னிருந்து வருகிறதா பின்னிருந்தா என்று பிரித்தறிவதில் மனிதச் செவி அவ்வளவு தேர்ந்ததன்று. கட்டடங்களில் பட்டுத் திரும்பினால் குழப்பம் இன்னும் கூடும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வழிவிடாதவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வேண்டுமென்றே மறிப்பவருக்கு இது தகும். கேளாதவரை என்ன செய்வது?

ஸ்டாக்ஹோமில் கேடிஎச் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆம்புலன்ஸிலிருந்து பண்பலை வானொலி வழியே செய்தி அனுப்பி, அருகிலுள்ள கார்களில் பாடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்தி எச்சரிப்பது. 2017இல் அங்கே சில வண்டிகளில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒதுங்குவதற்கு ஓட்டுநருக்குப் பத்துப் பதினைந்து வினாடியாவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே போக்குவரத்தின் வேகத்துக்கேற்ப எச்சரிக்கை முந்தியோ பிந்தியோ செல்லும். நெடுஞ்சாலையில் முன்னதாகவே ஒலிக்கும்.

எங்களை ஈர்த்தது அந்த நீளும் சுருங்கும் எல்லைதான். நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நின்றுவிட்ட வண்டிகளை நோக்கி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆம்புலன்ஸ் வந்தால், 15 வினாடி என்பது 250 மீட்டர். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் 500 மீட்டர். ஆக, எல்லோருக்கும் ஒரே ஆரத்தில் வட்டம் போடுவது பயன் தராது. பழையசீவரத்தில் ஆம்புலன்ஸ் செல்லும்போது சுற்றிலும் வட்டம் போட்டால், பாலாற்றுக்கு இக்கரையில், திருமுக்கூடல் தெருவில் போகிற மொபெட்காரரையும் அது பதறவைக்கும். பாலத்தைக் கடந்து அந்த வண்டி இங்கே வரப்போவதே இல்லை. ‘புலி வருது’ கதைதான். நான்கு முறை வீணாக ஒலித்தால் ஐந்தாம் முறை எவர் செவிகொடுப்பார்? எச்சரிக்கும் எல்லை, சாலையையொட்டி முன்புறம் மட்டும் நீண்டு, கூட்டுச்சாலையில் போகும் திசைக்கேற்பக் கிளைத்து, வண்டி கடந்த பின் உடனே மூடிக்கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். அதே மாதத்தில்தான் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அளித்தனர். அந்த இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினோரு நிமிடங்களில் சென்று சேர்ந்ததைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. பின்னர் அதை நினைவூட்டும் திரைப்படமும் வந்தது. வழியெங்கும் காவலர்கள் நின்று பாதையைத் திறந்துவிட்டதால் நிகழ்ந்த அருஞ்செயல் அது. காவலர்களே அன்று அந்த நீளும் எல்லையாக நின்றார்கள் என்றும் சொல்லலாம். நாள்தோறும் செங்கல்பட்டுக்கு விரையும் வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஆள் நிறுத்த முடியாது.

ஸ்டாக்ஹோம் முறையை இங்கே அப்படியே நட்டால் வேர் பிடிக்காது என்பதும் உண்மை. நம் சாலையில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். அவற்றில் ஏது வானொலி? கைப்பேசிதான் ஒரே வழி. அதிலும் வழிகாட்டும் செயலியைத் திறந்துவைத்திருப்பவர் நகரத்துக் கார்காரர். தினமும் அதே குவாரிக்கும் அதே சாலைக்கும் போய்வரும் லாரி ஓட்டுநருக்கு வரைபடம் எதற்கு? யாருக்கு அறிவிக்க வேண்டுமோ அவரே வலைக்கு வெளியே நிற்கிறார்.

பழையசீவரம் தேநீர்க் கடையில் ஒரு டிப்பர் ஓட்டுநரிடம் இதையெல்லாம் விளக்கினோம். ஏளனமின்றிப் பொறுமையாகக் கேட்டார். “சத்தம் கேக்காது சார், மேல சுத்துற லைட்டு கண்ணாடியில தெரிஞ்சாதான் உண்டு. முன்னாடியே போன்ல சொல்லிட்டா நல்லதுதான். ஆனா லோடு வண்டிய மண்ணுல எறக்கினா சாஞ்சிடும். எங்க ஒதுங்கலாம்னும் அதுவே சொல்லுமா?”

நாங்கள் படித்த வரையில் அந்த மாணவர்களின் திட்டத்தில் அதற்கு இடமில்லை. இடப்பக்க மண் எங்கே கெட்டி, எங்கே இளகல் என்பது இந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு எழுதினால், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஒரு பட்டியலே போட்டுவிடலாம்.