ரெண்டு தடவையும் என்னால்தான்

கிரகணம் பார்க்க பீகார் போன கதையை எழுதறேன்னு சொல்லி எத்தனையோ நாளாச்சு. தங்கமணி விடாமல் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்காங்க (நான் மூக்கறுபட்ட கதைன்னா அவங்களுக்குத் தனி குஷி).

முதல்ல கொசுவத்தியை 1980-க்குச் சுத்திடறேன். அந்த வருஷம் பிப்ரவரி 16 மதியம் முழு சூரிய கிரகணம். கர்நாடகா, ஆந்திரா வழியா போச்சு. நம்ம ஊர்ல அரைகுறைதான். அப்பா அரக்கோணத்துல சயின்ஸ் வாத்தியார். ராய்ச்சூர்ல முழுசா தெரியும், பம்பாய் மெயில்ல ஏறினா நேரா போய் இறங்கிடலாம்னு இன்னும் நாலு வாத்தியார்களோட டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஆனா அம்மா மாசமா இருந்தாங்க. உள்ளே இருந்தது அடியேன். "புள்ளத்தாச்சிய வூட்ல வச்சிக்கிட்டு கிரகணம் பாக்கப் போறியா?"ன்னு பாட்டி ஆடின ஆட்டத்துல டிக்கெட் கேன்சல். ஜன்னலைச் சாத்தின ரூம்ல அம்மாவுக்குத் துணையா உட்கார்ந்திருந்தாராம். போன நாலு பேரும் வருஷக்கணக்கா ஸ்டாஃப் ரூம்ல அதையே பேசினாங்களாம்.

1995-ல தீபாவளிக்கு மறுநாள் காலையில ராஜஸ்தான்லேர்ந்து வங்காளம் வரைக்கும் இன்னொரு முழு கிரகணம். அப்போ அக்கா கல்யாணச் செலவு. அப்பா பேச்சே எடுக்கலை.

அதனால 2009 ஜூலை 22-ன்னு தெரிஞ்சதும் அப்பாவை டெல்லிக்கு வரவழைச்சேன். இந்த நூற்றாண்டிலேயே நீளமான கிரகணம், பசிபிக் கடல் மேல 6 நிமிஷம் 39 நொடி. இந்தியாவுல சூரத், போபால், காசி, பாட்னா வழியா போகுது. ஆபீஸ் நண்பர்கள், ஆர்.கே.புரம் குடும்பங்கள்னு பதினாலு பேர் சேர்ந்தோம்.

எங்கே போறதுங்கறதுலதான் சண்டை. கிரகணத்தப்போ கங்கையில முங்கணும், அதனால காசிதான்னு எதிர் வீட்டு மாமி கட்சி. நான் தரேக்னா கட்சி. பாட்னா-கயா ரயில் பாதையில சின்ன ஊர். ஆர்யபட்டர் அங்கேதான் நட்சத்திரம் எண்ணினார்னு ஊர்ல சொல்வாங்க. கிரகணப் பாதையோட நடுக்கோட்டுக்குப் பக்கம், மூணரை நிமிஷத்துக்கும் மேலே இருட்டு. காசியைவிட அரை நிமிஷம் போல அதிகம். அந்த அரை நிமிஷத்துக்காக எக்ஸெல் ஷீட் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்! அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "காசியில மேகம் எப்படிடா இருக்கும்?" "மழைக்காலம்ப்பா, எல்லா ஊரும் ஒண்ணுதான்" என்றேன். ஆறு பேர் காசிக்கு, எட்டு பேர் தரேக்னாவுக்கு.

பாட்னாவுலேர்ந்து ராத்திரி சுமோ. வழியில சக்கரம் சகதியில மாட்டி, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அறுபத்தொன்பது வயசு அப்பாவும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளினார். ஊருக்குள்ளே நுழைஞ்சா திருவிழாக் கூட்டம். முதல்வர் நிதிஷ் குமாரே வந்திருந்தார். (கிரகண நேரத்துல அவர் பிஸ்கட் சாப்பிட்டதாலதான் பீகார்ல பஞ்சம்னு லாலு பிரசாத் அப்புறம் சொன்னது தனிக் கதை.)

விடிஞ்சது. வானம் பூரா ஈயம் பூசின மாதிரி மேகம். ஐந்தரைக்குக் கிரகணம் ஆரம்பிச்சாச்சுன்னு கடிகாரம்தான் சொல்லுது. அப்பா அட்டைக் கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு, மேகம் கொஞ்சம் வெளுத்தா போட்டுப் பார்க்கிறார். கழட்டறார். மறுபடி போடறார். நான் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

6.24 இருக்கும். விளக்கைத் தணிக்கிற மாதிரி வெளிச்சம் இறங்கி, சட்டுனு ராத்திரி. கூட்டம் ஓன்னு கத்தி, அடங்கிச்சு. காக்காயெல்லாம் மரத்துக்குத் திரும்பிச்சு. காத்து சில்லுனு ஆச்சு. பக்கத்துல நிக்கிற அப்பா முகம் தெரியலை. மூணரை நிமிஷம் அவர் ஒரு வார்த்தை பேசலை, என் தோள்ல கையை மட்டும் வச்சிருந்தார். அப்புறம் மேற்கேயிருந்து வெளிச்சம் ஓடி வந்தது. எங்கேயோ ஒரு சேவல் கூவிச்சு, எல்லாரும் சிரிச்சாங்க.

உடனே மாமியோட போன். "இடுப்பளவு கங்கையில நின்னு பார்த்தேன்டா! கறுப்பா, சுத்தி வெள்ளி மாதிரி..." பாட்னா ஸ்டேஷன் டீக்கடை டிவியிலும் காசியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினான். அப்பா டீ ஆறுறது தெரியாம பார்த்துக்கிட்டிருந்தார்.

ரயில்ல ராத்திரி, "சாரிப்பா" என்றேன்.

"அந்தக் காசிக் கூட்டத்துல நான் நசுங்கியிருப்பேன்டா" என்றார். பச்சைப் பொய். கும்பமேளா கூட்டத்துல தனியா போய் வந்த மனுஷர். அவர் 2018-ல போய்ச் சேர்ற வரைக்கும், யார் கேட்டாலும் அதே பொய்தான். என் எக்ஸெல் ஷீட் பத்தி ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை.

லைட்டை அணைச்சுட்டுப் படுத்தோம். கீழ் பெர்த்துலேர்ந்து குரல் வந்தது.

"அடுத்தது இந்தியாவுல எப்போடா?"

"2034 மார்ச் 20. காஷ்மீர், கார்கில் பக்கம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கணக்குப் போடறார்னு தெரிஞ்சது.

"மார்ச்னா அங்கே நல்ல குளிர் இருக்குமே. ஸ்வெட்டர் வாங்கணும்."