மூக்கை வைத்து உறவு சொல்லலாமா?

கிள்ளான் ஆறு மஸ்ஜித் ஜாமேக் அருகே கோம்பாக் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக வளைந்து, கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் உவர்நீர் முதலைகள் அவ்வப்போது தலைகாட்டிச் செய்தியாவது நமக்குத் தெரியும். மேலே உலு கிள்ளானில், 1963-இல் திறந்த தேசிய மிருகக்காட்சிசாலையில் இன்னொரு முதலை இருக்கிறது. மலாயில் அதன் பெயர் புவாயா ஜெஜுலுங். ஒடுங்கி நீண்ட மூக்குதான் அதன் அடையாளம்.

இது யாருக்குச் சொந்தம் என்பதில் பெரிய வழக்கே நடந்தது. மண்டையோட்டை ஆராய்ந்தவர்கள், இது சாதாரண முதலைகளின் பங்காளி, நீண்ட மூக்கு தனியாக வந்தது என்றார்கள். 1980களில் புரதங்களையும் பிறகு டிஎன்ஏவையும் ஒப்பிட்டவர்களோ, இந்தியாவின் சொம்புமூக்கு முதலைக்குத்தான் இது நெருங்கிய உறவு என்றார்கள். இன்று அந்தப் பக்கமே வலுவாக இருக்கிறது.

அழிந்துபோன கடல் முதலை இனங்களிலும் இதே சிக்கல்தான். சுமார் 160 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சில இனங்கள் முழுக்கக் கடலுக்கே போய்விட்டன. முதுகுக் கவசம் மறைந்தது; கால் துடுப்பானது; வாலில் மீனைப் போலத் துடுப்பு முளைத்தது. உப்பை வெளியேற்றும் சுரப்பியின் தடயம்கூட அர்ஜென்டினாப் புதைபடிவத்தில் கிடைத்திருக்கிறது. இவற்றின் உறவுக்காரர் ஒன்று நம் பக்கத்து நாட்டிலும் உண்டு. தாய்லாந்தின் கலாசின் மாநிலத்தில் கிடைத்து, 2019-இல் இந்தோசினோசூகஸ் என்று பெயர் பெற்றது. அது வாழ்ந்தது நன்னீரில்!

இந்தக் கூட்டத்தை முதலை வம்சத்தில் எங்கே வைப்பது? நீண்ட மூக்குள்ள மற்ற இனங்களோடு சேர்ப்பவர்கள் உண்டு. மீன் பிடிக்க வசதியான மூக்கு பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கும், இவை வெகு முன்பே பிரிந்த கிளை என்பவர்களும் உண்டு. கல்லாகிப்போன எலும்பில் டிஎன்ஏ கிடையாது. எனவே எலும்புக் கணக்கு எங்கே பிசகும் என்பதை உயிருள்ள இனங்களை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். அதற்கு நம் ஜெஜுலுங் முக்கியமான சாட்சி.

அதன் வீடு, தேநீர் நிறத் தண்ணீர் ஓடும் சதுப்புக் காடு. அந்தக் காடுகள் வடிகால் வெட்டப்பட்டுச் செம்பனைத் தோட்டங்களாகிக்கொண்டே வந்திருக்கின்றன. சொம்புமூக்குக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை இந்த இரண்டு இனங்கள் மட்டுமே. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போனால், புலியைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல் இந்த மூக்குக்காரரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.