கிழநாயும் புதுக்குட்டியும்

வயது முதிர்ந்த நாய் வாழும் வீட்டிலே குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விடுவது பிள்ளைகளுக்குப் பெருங் கொண்டாட்டம். அம் முதிய நாய்க்கோ அது பெருங் கவலை. பதினொரு ஆண்டுகளாகத் தான் காத்துவந்த வளவிலே, தன்னைக் கேளாமலே ஒரு புதிய உரிமைக்காரர் புகுந்துவிட்டால் அதன் மனம் என்ன பாடுபடும்! எங்கள் வீமன் சென்ற கார்த்திகையிலே பட்ட பாட்டை அருகிருந்து கண்டவன் நான்.

குட்டி என் தங்கை வீட்டிலிருந்து வந்தது. வயது எட்டு வாரம். நாய்களின் இயல்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்கொற், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலிலே, பிறந்து ஏறக்குறைய 3 வாரம் முதல் 12 வாரம் வரையுள்ள காலமே குட்டி பிறரோடு உறவாடப் பழகுங் காலம் என்று காட்டியுள்ளனர். ஆகவே குட்டியைப் பற்றி எனக்கு அச்சமில்லை. பழகவேண்டியது வீமன்தான்.

முதற் சந்திப்பை, நாயில்லாத அயல்வீட்டு முற்றத்திலே வைத்தோம். அங்கே வீமனுக்குக் காக்கவேண்டிய எல்லை எதுவுமில்லை அல்லவா? தெருவைத் தவிர்த்ததற்குங் காரணம் உண்டு. தடுப்பூசிகள் யாவும் முடியும்வரை குட்டியைத் தெருமண்ணில் விடலாகாது; 'பார்வோ' நோய்க் கிருமி மண்ணிலே பல மாதங்கள் அழியாது கிடக்கும். வீமன் குட்டியை ஒருமுறை மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு அவ்வளவே போதும் என்று பிரித்துவிட்டோம்.

மூன்றாம் நாள் வீமன் பல்லைக் காட்டி உறுமிற்று. "அப்பா, வீமன் குட்டியைக் கடிச்சுப்போடும். ரெண்டு அடி போடுங்கோ" என்று என் இளைய மகள் அழுதாள். அயலவர் ஒருவரோ, "அண்ணை, கிழட்டு நாயை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாருங்கோ" என்றார். வீட்டிலும் அவர் பேச்சுக்குத் தலையாட்டினவர்கள் உண்டு. எனக்கு அச் சொல் நெஞ்சிலே தைத்தது. உறுமல் குற்றமன்று, "விலகிப் போ" என்று நாய் சொல்லும் மொழி அது. அடித்து அம்மொழியை அடக்கினால், பின்னர் சொல்லாமலே கடிக்கும்.

இரண்டு நாள் கூர்ந்து பார்த்தேன். குட்டி முன்னே நின்று குதித்தால் வீமன் பொறுத்துக்கொண்டது. பின்பக்கமாக வந்து இடுப்பிலே தொற்றினால் மட்டுமே சீறிற்று. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டிலே தேய்வு என்றார், மருந்து தந்தார். (மனிதருக்குரிய நோமாத்திரைகளை நாமாக நாய்க்குக் கொடுத்தல் ஆகாது, அவை அதற்கு நஞ்சாகலாம்.) வலி தணியத் தணிய வீமனின் கோபமுந் தணிந்தது.

அதன் பின் செய்தவை சிறு காரியங்களே. விறாந்தையின் ஒரு மூலையை அடைத்து, குட்டி நுழையாதபடி வீமனுக்கென்றே ஒதுக்கினோம். சட்டிகளைத் தூரத் தூர வைத்து, மீன்தலைச் சோற்றை முதலில் வீமனுக்கே இட்டோம். மாலையில் நான் வீமனைத் தனியாகவே உலாவக் கூட்டிச் சென்றேன். நாங்கள் இல்லாத வேளையில் இரண்டையும் ஒன்றாக விட்டதில்லை.

ஆறு மாதம் ஆயிற்று. இன்னும் இரண்டும் ஒரே சாக்கிலே படுப்பதில்லை. நாலு முழம் தள்ளியே படுக்கின்றன. வீமனுக்கு இப்போது காதும் மந்தம். படலை திறக்கும் ஓசை கேட்பதில்லை. குட்டி குரைத்துக்கொண்டு ஓடுவதைக் கண்டால் மெல்ல எழுந்து, தானும் பின்னாலே போய் ஒருமுறை குரைத்துவிட்டு வருகின்றது.